நாலு மெழுகுவர்த்தியும் ஒரு காதில்லாத ஆடும்

"இன்னும் எத்தனை நாள்ப்பா?" டிசம்பர் வந்தா எங்க வீட்டுல காலைல எழுந்ததும் கேக்குற முதல் கேள்வி இதுதான். பொண்ணுக்கு ஏழு வயசு, பையனுக்கு நாலு.

ஹாம்பர்க்ல ஆதரவில்லாத பசங்களை வளர்த்த விச்சர்ன்கிற போதகரையும் இப்படித்தான் நச்சரிச்சாங்களாம். மனுஷன் 1839-ல ஒரு வண்டிச் சக்கரத்துல வார நாளுக்குச் சின்னது, ஞாயித்துக்கிழமைக்குப் பெரிசுன்னு மெழுகுவர்த்தி நட்டு, தினம் ஒண்ணு ஏத்தினார். அதுதான் சுருங்கி இப்போ கோயில்ல நாலு மெழுகுவர்த்தி வளையமா நிக்குது. மூணு ஊதா, மூணாவது ஞாயிறுக்கு மட்டும் ரோஸ்.

2024-ல திருவருகைக் காலத்தோட முதல் ஞாயிறு டிசம்பர் 1. முந்தின நாள் ராத்திரிதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. கரண்ட் இல்ல, தெருவுல முட்டளவு தண்ணி. ஃபிர் மரத்துக்கு எங்க போறது? வாசல்ல முறிஞ்சு கிடந்த சவுக்குக் கிளையை ஒடிச்சு, சோத்துத் தட்டு மேல சுத்தி வச்சேன். அன்னிக்கு அந்த ஒத்தை மெழுகுவர்த்திதான் வீட்டுக்கே வெளிச்சம். பையன் அதுல அப்பளம் சுடலாமான்னு கேட்டான் :-)

தீப்பெட்டி 24 ஒட்டி, உள்ள மிட்டாய் வச்சு காலண்டரும் செஞ்சோம். அஞ்சாம் தேதியே 24-ஆம் பெட்டி காலி. யாருன்னு சொல்ல மாட்டேன். தங்கமணியா இருக்கவும் வாய்ப்பிருக்கு.

பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சது வைக்கோல்தான். ஒரு நல்ல காரியம் செஞ்சா காலி முன்னணையில ஒரு வைக்கோல் போடணும், குழந்தை படுக்க மெத்துன்னு இருக்கணும்ல.

மூணாவது ஞாயிறு ரோஸ் ஏத்தும்போது பொண்ணு கேட்டா, "அப்பா, நீங்க ஒண்ணுமே போடலையே?"

சிரிச்சு மழுப்பினேன். விடலையே. "சொரூபம் எல்லாம் பெரியப்பா வீட்டுலதான இருக்கு? ஏன் கேக்க மாட்டேங்குறீங்க?"

கொஞ்சம் கொசுவத்தி. நாகர்கோவில்ல எங்கப்பா குடில் கட்டினா தெருவே வந்து பாக்கும். அப்பா போனதும் வீட்டைப் பங்கு பிரிச்சதுல எனக்கும் அண்ணனுக்கும் வாய்த் தகராறு. 2022-க்கு அப்புறம் பேச்சே இல்ல. சொரூபப் பெட்டி அங்கேயே தங்கிடுச்சு. தப்பு யார் மேலன்னு இப்போ எழுதினாலும் நான் என் பக்கம்தான் எழுதுவேன், விடுங்க.

அன்னிக்கு ராத்திரி பசங்க தூங்கினப்புறம் நம்பரைப் போட்டேன். ரெண்டாவது ரிங்லயே எடுத்துட்டார்.

"என்னலே, வீட்டுக்குள்ள தண்ணி வந்துதா? ரெண்டு வாரமா டிவியில பாத்துட்டே இருந்தேன்."

"இல்லண்ணே, வாசலோட நின்னுடுச்சு."

சொரூபத்தைப் பத்தி நான் வாயே திறக்கல. எட்டு நாள் கழிச்சு பஸ் பார்சல்ல ஒரு அட்டைப் பெட்டி வந்துச்சு, பழைய வேட்டியில சுத்தி. எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு ஆட்டுக்கு மட்டும் காது இல்ல.

"பெரியப்பா உடைச்சிட்டாரா?"ன்னான் பையன்.

இல்லடா, அது நான் உடைச்சது. அடி வாங்கினதுதான் அவரு.