ஓரத்தில் நின்றவர்

2005 ஜூலை 2, சனிக்கிழமை. லண்டன் ஹைட் பார்க்கில் இரவு 11 மணியளவில், ஒலிபெருக்கிகளிலிருந்து ஓர் இதயத்துடிப்பு எழுந்தது. அருகில் நின்ற நண்பர் என் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். பிற்பகல் 2 மணியிலிருந்து புல்வெளியில் நின்றும் அமர்ந்தும் களைத்திருந்த பெருங்கூட்டம் ஒரு கணம் பேச்சை நிறுத்தியது. 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' இசைத்தட்டின் முதல் ஒலி அது. 24 ஆண்டுகளுக்குப் பிறகு பிங்க் ஃப்ளாய்டின் நால்வரும் ஒரே மேடையில் நின்றார்கள்.

ஆப்பிரிக்க நாடுகளின் கடன்சுமையை ஜி-8 தலைவர்களின் பார்வைக்குக் கொண்டுவர பாப் கெல்டாஃப் நடத்திய 'லைவ் 8' நிகழ்ச்சி அது. அனுமதிச்சீட்டு விற்பனைக்கில்லை. கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக் குலுக்கலில் வெல்ல வேண்டும். இருபது லட்சத்துக்கும் அதிகமான செய்திகள் குவிந்தனவாம். என் வாழ்வில் குலுக்கலில் எனக்கு விழுந்தது அந்த ஒரு ஜோடிச் சீட்டு மட்டுமே. யாரை அழைத்துச் செல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த இசையைப் பற்றி நான் சண்டையிட்டது ஒரே ஒருவரிடம்தான்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நாங்கள் அறைவாசிகளாக இருந்த காலத்தில் தொடங்கிய சண்டை அது. காலி ஒலிநாடா கொடுத்துப் பதிவுசெய்து வாங்கிய பிங்க் ஃப்ளாய்டைத் தேயத்தேயக் கேட்டோம். கேட்டதைவிட அதிகமாக விவாதித்தோம். பிங்க் ஃப்ளாய்ட் என்பது யார்? சொற்களையும் கருத்தையும் கசப்பையும் தந்த ரோஜர் வாட்டர்ஸ் என்பது என் கட்சி. குரலையும் கிதாரையும் தந்த டேவிட் கில்மர் என்பது அவர் கட்சி. புதுமைப்பித்தனா மௌனியா என்று நம்மவர்கள் அடித்துக்கொள்வதுபோல நாங்கள் அடித்துக்கொண்டோம். ஒருமுறை இரண்டு வாரம் பேச்சுவார்த்தையே இல்லை.

எங்கள் சண்டைக்கு அவர்களுடைய சண்டையே முன்மாதிரி. 1981 ஜூனில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில் 'தி வால்' நிகழ்ச்சியை முடித்ததுதான் நால்வரும் சேர்ந்து இசைத்த கடைசி முறை. 1985-இல் வாட்டர்ஸ் விலகினார். தான் இல்லாத குழு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 1986-இல் நீதிமன்றம் சென்றார். 1987 இறுதியில் சமரசம் ஏற்பட்டது. பெயர் கில்மருக்கு, 'தி வால்' வாட்டர்ஸுக்கு. பாகப்பிரிவினை முடிந்தபின் அண்ணன் தம்பிகள் எப்படி இருப்பார்களோ அப்படித்தான் இருந்தார்கள். லைவ் 8-க்கு கெல்டாஃப் அழைத்தபோது கில்மர் முதலில் மறுத்தார். பிறகு வாட்டர்ஸே தொலைபேசியில் அழைத்துப் பேசினார்.

மேடை எங்களுக்கு வெகுதொலைவில் இருந்தது. மனிதர்கள் தீக்குச்சிகளாகத் தெரிந்தார்கள். மற்றதெல்லாம் பெரிய திரையில்தான். 'பிரீத்' பாடலை கில்மர் பாட, வாட்டர்ஸ் தனக்குரியதல்லாத வரிகளுக்கும் வாயசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கில்மர் சிரிக்கவில்லை. கவனமாக, சற்றே இறுக்கமாக வாசித்தார். மிஸ்ர சாபுபோல ஏழேழு எண்ணிக்கையில் சுழலும் 'மனி' அடுத்து. பிறகு வாட்டர்ஸ் பேசினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் இந்த மூவருடன் நிற்பது நெகிழ்ச்சியாக இருக்கிறது என்றார். இங்கே இல்லாத எல்லோருக்காகவும், குறிப்பாக சிட் பாரெட்டுக்காகவும் என்று சொல்லி 'விஷ் யூ வேர் ஹியர்' தொடங்கினார்கள். குழுவைத் தொடங்கி, மனம் சிதைந்து 1968-இல் விலகிய பாரெட் அப்போது கேம்பிரிட்ஜில் தனிமையில் வாழ்ந்துகொண்டிருந்தார். மறு ஆண்டே மறைந்தார். பாடலை இருவரும் பகிர்ந்து பாடினார்கள். என் நண்பர் அழுதார். நானும்தான்.

'கம்ஃபர்டப்ளி நம்' முடிந்ததும் கில்மர் நன்றி சொல்லி அகலப் பார்த்தார். வாட்டர்ஸ் கையசைத்து அவரை அழைத்தார். நால்வரும் தோளில் கைபோட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். மொத்தமும் 25 நிமிடத்துக்குக் குறைவு.

திரும்பி நடந்த வழியெல்லாம் எங்களுக்குப் பேச்சு ஒன்றுதான். கில்மர் சிரித்தாரா இல்லையா? அந்த அணைப்பில் யார் கை முதலில் இறங்கியது? சமாதானமா, வெறும் மரியாதையா? மேன்ஷன் அறையில் விட்ட இடத்திலிருந்தே வழக்கைத் தொடர்ந்தோம்.

2008 செப்டம்பர் 15 அன்று குழுவின் கீபோர்டு இசைஞர் ரிக் ரைட் புற்றுநோயால் காலமானார். வயது 65. கில்மர் எழுதிய இரங்கல் குறிப்பில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. பிங்க் ஃப்ளாய்ட் என்பது யார், எது என்ற வாதங்களின் அமளியில் ரிக்கின் பெரும் பங்களிப்பு அடிக்கடி மறக்கப்பட்டது என்று எழுதியிருந்தார். அந்த அமளியில் எங்கள் குரலும் இருந்தது. அத்தனை ஆண்டு விவாதத்தில் ரைட்டின் பெயரை நாங்கள் இருவரும் ஒருமுறைகூட ஒரு கட்சியாக முன்வைத்ததில்லை.

அதன் பிறகுதான் அவரைத் தேடிக் கேட்டேன். 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை'யின் பியானோ அவருடையது. 'அஸ் அண்ட் தெம்' பாடலின் மெட்டு, அன்டோனியோனியின் 'ஸப்ரிஸ்கி பாயின்ட்' படத்துக்காக அவர் பியானோவில் அமைத்தது. அளவுக்கு மீறிய சோகம் என்று இயக்குநர் அதை ஒதுக்கிவிட்டார். அன்றிரவு நாங்கள் மெய்மறந்து கேட்ட 'பிரீத்' பாடலில் திடீரென வெளிச்சம் மாறுவதுபோல ஓர் இடம் வரும். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் கேட்ட ஒரு சுரக்கூட்டை ரைட் அங்கே கொண்டுவந்து வைத்தார். கவிதையும் கிதாரும் சண்டையிட்டுக்கொள்ள ஒரு வானம் தேவைப்பட்டது. அதை விரித்துக் கொடுத்தவர் அவர்.

1979-இல், 'தி வால்' பதிவின்போது வாட்டர்ஸின் வற்புறுத்தலால் ரைட் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். நிகழ்ச்சிகளில் மட்டும் சம்பளத்துக்கு வாசித்தார். பிரம்மாண்டமான அந்த மேடையமைப்பால் மற்ற மூவருக்கும் நஷ்டம். சம்பளக்காரரான ரைட் ஒருவருக்கே வருமானம். இதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் தானும் சேர்ந்து கட்டிய வீட்டில் வாடகைக்கு இருப்பவனின் மௌனம் எப்படியிருந்திருக்கும்? எர்ல்ஸ் கோர்ட்டில் அவர் அப்படித்தான் வாசித்தார். 2005-இல் தன்னை வெளியேற்றியவருடன் மீண்டும் மேடையேறியபோது உண்மையில் மன்னிக்க வேண்டியிருந்தவர் கில்மர் மட்டும்தானா? அந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

2011 மே 12 அன்று லண்டனில் வாட்டர்ஸின் 'தி வால்' நிகழ்ச்சியில் கில்மரும் நிக் மேசனும் தோன்றினார்கள். மூவர் மட்டுமே. 2014-இல் வெளிவந்த 'தி எண்ட்லெஸ் ரிவர்' பெருமளவுக்கு 1993-இல் பதிவான இசையிலிருந்து, ரைட்டின் வாசிப்பை மையமாக வைத்து உருவாக்கப்பட்டது. வாட்டர்ஸ்-கில்மர் பகையோ 2023-இலும் பொதுவெளியில் வெடித்தது. சண்டைக்கு ஆயுள் அதிகம். அதைப் பார்க்க ஆளும் அதிகம்.

சென்ற மாதம் அந்தப் பதிவை மறுபடி பார்த்தேன். கேமராவும் எங்களைப் போலத்தான், வாட்டர்ஸையும் கில்மரையும் விட்டு அதிகம் நகரவில்லை. அந்த இறுதி அணைப்பில் வரிசையின் ஒரு முனையில் கில்மர், அடுத்து வாட்டர்ஸ், மேசன், மறுமுனையில் ரைட்.

பதிவைப் பார்ப்பதற்கு முன் நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, அன்று ரைட் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார், நினைவிருக்கிறதா என்று கேட்டிருந்தேன். வாட்டர்ஸின் சட்டையிலிருந்து கில்மரின் கிதார் வரை எல்லாம் சொன்னார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"நினைவில்லை, உங்களுக்கு?" என்றார்.

எனக்கும் இல்லை.