மன்னார்த் தீவில் பதினைந்து நாட்கள்

மன்னார் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது முத்து. அடுத்தது கழுதை. அதற்கடுத்தது கருவாடு. நான் அங்கே போனதற்குக் காரணம் இம்மூன்றில் ஒன்றுமில்லை, இறுகிப்போன என் வலது தோள்தான். நோவைத் தீர்க்கப் போன பயணமானாலும், அந்தத் தீவையும் அதன் கரையையும் ஆற அமரப் பார்க்க அல்லாஹ் வாய்ப்பளித்தான். பார்த்ததையும் படித்ததையும் எழுதினால், நாற்பதைத் தாண்டிய வாசகர்களில் சிலருக்காவது பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

பாலம் கடந்து

மதவாச்சியிலிருந்து செட்டிக்குளம், மடு வீதிச் சந்தி, முருங்கன் வழியாக மன்னார் வீதி நீள்கிறது. முருங்கன் பக்கமெல்லாம் கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் நெல்வயல்கள். திருக்கேதீஸ்வரச் சந்தியைக் கடந்ததும் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. மரங்கள் குறைந்து உவர்நிலம் விரிகிறது. ஆழமில்லாத கடலுக்கு நடுவே சுமார் மூன்று கிலோமீற்றர் நீளத் தாம்போதி. போர்க்காலத்தில் பழைய பாலம் தகர்க்கப்பட்டது. இப்போதுள்ள பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. பருவகாலத்தில் வங்காலைப் பக்கம் பூநாரைகள் வந்திறங்கும்.

தீவின் வாசலிலேயே கோட்டை நிற்கிறது. 1560ல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658ல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அங்கிருந்து மறுமுனையான தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடி, 1984ல் நின்றுபோனது.

பள்ளிமுனையில் பெருக்க மரம் ஒன்று இருக்கிறது. பல நூறு ஆண்டு வயதுடையது என்கிறார்கள். ஆபிரிக்க மண்ணுக்குரிய இம்மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. தெருவில் திரியும் கழுதைகளைப் பற்றியும் அதையே சொல்கிறார்கள்.

முத்தும் தோளும்

நான் தங்கியது எருக்கலம்பிட்டியில். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அங்கே மத்ரஸாவில் கற்பிக்கிறார். அவர்தான், "ஹஸ்ரத், விடுமுறைக்கு வாங்க. எங்க ஊரில் தோள் உருவுகிற காக்கா ஒருவர் இருக்கிறார்" என்று அழைத்தவர்.

இக்கரையில் தோள் உருவும் கலை வளர்ந்ததில் வியப்பில்லை. இது தோளால் வாழ்ந்த கரை. தீவுக்குத் தெற்கே, பெருநிலத்தில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று நீளும் கரைக்கு அப்பால்தான் முத்துச்சிப்பிப் பார்கள் இருந்தன. 1344ல் இலங்கை வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்படுவதைக் கண்டதாகப் பதிவு செய்திருக்கிறார். 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடவே அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். கடல் அரித்த அதன் இடிபாடுகளை இன்றும் காணலாம். 1905ல் மட்டும் எடுக்கப்பட்ட சிப்பிகள் ஏறத்தாழ எட்டுக் கோடி. கீழக்கரைக்காரர்களும் பாரசீக வளைகுடா அரபிகளும் நம் கரை மக்களோடு சேர்ந்து குளித்தார்கள்.

குளிப்பவர் கல்லைக் காலில் மாட்டிக் கயிற்றைப் பிடித்து இறங்குவார். ஒரு நிமிடத்துக்குள் கைக்கெட்டியதைப் பைக்குள் அள்ளுவார். படகில் இருப்பவர் கல்லையும் பையையும் ஆளையும் இழுத்தெடுப்பார். காலை முதல் நண்பகல் வரை இதே வேலை. கீழே இருப்பவருக்கு மூச்சு. மேலே இருப்பவருக்குத் தோள். முத்துக்குளிப்பு 1925க்குப் பிறகு ஓய்ந்துவிட்டது. ஆனால் சங்கு குளிப்பதும் கரைவலை இழுப்பதும் தொடர்ந்தன. இழுத்த தோளை மாலையில் யாராவது உருவிவிடத்தானே வேண்டும்? காக்காவின் தகப்பனாரும் பாட்டனாரும் அதைச் செய்தவர்கள். அவரும் இளமையில் சங்கு குளித்தவர். இப்போது எழுபதை நெருங்குகிறார்.

பாவிக்காத கிணறு

என் தோளின் கதை சிறியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மழைநாளொன்றில் மோட்டார் சைக்கிள் சறுக்கி வலது பக்கமாக விழுந்தேன். எலும்பு முறியவில்லை. நோவு மாதக்கணக்கில் இருந்து மெல்லக் குறைந்தது. ஆனால் கை மேலே போக மறுத்துவிட்டது. கரும்பலகையில் நெஞ்சுயரத்துக்கு மேல் எழுத முடியாது. பின்வரிசை மாணவர்கள் எழுந்து நின்று படிப்பார்கள். தக்பீர் கட்ட இடக்கை மட்டும் உயரும். ஒரு கைதான் உயருமென்றால் அதை மட்டும் உயர்த்தினால் போதும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களை வைத்து நானே பாடம் நடத்தியிருக்கிறேன். தொழுகைக்கு அதனால் குறைவில்லை. ஆனாலும் இரு கைகளையும் உயர்த்தி ரப்பின் முன் நிற்கும் ஆசை மனிதனை விட்டுப் போகிறதா?

காக்கா முதல் நாள் என் கையைத் தொடவே இல்லை. கழுத்து, தோள்பட்டை எலும்பின் பின்புறம், அக்குளின் ஓரம் என்று விரலால் அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் அழுத்தியபோது தோளின் முன்பக்கம் சுரீரென்றது.

"நோகிற இடம் வேற மௌலவி, நோவை உண்டாக்கிற இடம் வேற" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பின் அரை மணித்தியாலம். மன்னார் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். பின்னிருந்து முன்னாக, நான் மூச்சு விடும்போது மட்டும் அழுத்தி, இழுக்கும்போது தளர்த்தி நீவுவார். கையைப் பிடித்து முறுக்கியதோ வெடுக்கென்று இழுத்ததோ ஒரு நாளும் இல்லை. பெண்களுக்கு அவருடைய மனைவி செய்கிறார். பாய் இழைப்பதில் எருக்கலம்பிட்டிப் பெண்கள் பேர் பெற்றவர்கள். மணிக்கணக்கில் குனிந்திருந்து இழைப்பதால் கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டு அந்த ராத்தாவிடம் வருவோர் அதிகம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களைச் சொந்த மண்ணைவிட்டு வெளியேற்றியது வாசகர்கள் அறிந்ததே. ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர்கள். தீவிலிருந்தவர்கள் படகுகளில் கல்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எண்ணெய் போட்டுக்கொண்டே காக்கா ஒருநாள் சொன்னார்: "உம்மாவ இந்தத் தோளில தூக்கித்தான் படகில ஏத்தினேன். கல்பிட்டியில இறக்கினதும் இதே தோள்தான். அவ மௌத்தாகி அங்கேயே அடக்கம்."

போர் முடிந்த 2009க்குப் பிறகே அவர் குடும்பம் திரும்பி வந்தது. வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு தூர்ந்து, இருந்த தண்ணீரும் நாறிக் கிடந்ததாம். "நாளாந்தம் இறைச்சோம். ஒரு மாசம் போனபிறகுதான் வாயில வைக்கக்கூடிய தண்ணி வந்தது. உங்கட தோளும் பாவிக்காத கிணறுதான் மௌலவி. நான் தூர்தான் எடுக்கலாம். இறைக்கிறது நீங்க. எனக்கு அரை மணித்தியாலம், மிச்ச இருபத்துமூன்றரை மணித்தியாலமும் உங்கட கையில."

அந்தச் சொல் என்னைப் படிக்க வைத்தது.

தோளைப் பற்றிய பாடம்

அரபு படித்ததன் பயன் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. இப்னு ஸீனாவின் (980–1037) அல்கானூன் நூலில் உடல்நலம் பேணும் பகுதியில் ‘தல்க்’ எனும் தேய்த்தலைப் பற்றி விரிவாக வருகிறது. அழுத்தமான தேய்ப்பு உடலை இறுக்கும், மென்மையானது தளர்த்தும், நீண்ட நேரத் தேய்ப்பு மெலியச் செய்யும், அளவானது வளர்க்கும் என்று வகுக்கிறார். உடற்பயிற்சிக்கு முன் உடலை ஆயத்தப்படுத்தும் தேய்ப்பு, பின் இழந்ததை மீட்கும் தேய்ப்பு என்றும் பிரிக்கிறார். தேய்ப்பும் பயிற்சியும் அவரிடம் இரட்டைப் பிள்ளைகள். குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி தமது அத்தஸ்ரீஃபின் 30ஆவது பகுதியில் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் தனிப் பிரிவே ஒதுக்கினார்.

அடுத்து இக்கால நூல்கள். தோள்மூட்டின் குழி மிக ஆழமற்றது. சிறு தட்டில் வைத்த தேசிக்காய் போலக் கையெலும்பின் தலை அதில் அமர்ந்திருக்கிறது. நான்கு சிறு தசைகள்தாம் அதை விலகாமல் பிடித்துக்கொள்கின்றன. கையை முழுவதும் உயர்த்தும்போது மூன்றில் இரண்டு பங்கு அசைவு மூட்டிலும், ஒரு பங்கு முதுகிலுள்ள தோள்பட்டை எலும்பிலும் நடக்கிறது. காக்கா ஏன் முதுகிலிருந்து தொடங்கினார் என்பது அப்போது விளங்கியது.

மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிவிடுவதே ‘உறைந்த தோள்’. 1934ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஏர்னஸ்ட் கொட்மன் இட்ட பெயர் இது. நாற்பது முதல் அறுபது வயதினருக்கு அதிகம் வரும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். பொதுவாக முதலில் நோவு, பிறகு இறுக்கம், பிறகு தளர்வு என்று ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் எடுக்கும். விழுந்து அடிபட்ட பிறகும் வருவதுண்டு.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல் என்ற அம்மையார், டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து 1983ல் வெளியிட்ட நூலில், தசையில் விழும் முடிச்சுகள் வேறோர் இடத்தில் நோவைக் காட்டும் என்று படம் வரைந்து விளக்கினார். காக்கா சொன்னதும் அதுதான். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழில் செய்த கிளேர் டேவிஸ் என்பவர் அந்த நூல்களைத் தாமே படித்து, தம் தோளைத் தாமே அழுத்திச் சீராக்கி, பிறருக்காக 2001ல் ஒரு கைநூலும் எழுதினார். இக்கோட்பாட்டை மருத்துவர்கள் எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேய்ப்பு நோவைச் சில காலம் தணிக்கும், அசைவை மீட்பது பயிற்சியே என்பதுதான் நான் படித்தவற்றின் சாரம்.

நாளாந்தம் இறைத்தது

எனக்குப் பயிற்சிகளைக் காட்டித் தந்தவர் அரசாங்க வைத்தியசாலையொன்றின் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர். மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல் மெல்ல ஆட்டுவது. இதுவும் கொட்மன் பெயரால் வழங்குவது. இரண்டு, சுவரை நோக்கி நின்று விரல்களால் மேலே நடப்பது. எட்டிய உயரத்தில் சோக்கால் கோடு போட்டுக்கொள்வேன். மூன்று, முதுகுக்குப் பின்னால் துவாயைப் பிடித்து, நல்ல கையால் மேலே இழுப்பது. உருவ ஆள் இல்லாத நாளில், டென்னிஸ் பந்தொன்றைக் காலுறைக்குள் போட்டுச் சுவருக்கும் தோள்பட்டைக்கும் நடுவே வைத்துச் சாய்ந்து உருட்டினேன். ஒவ்வொரு பர்ழுத் தொழுகைக்குப் பிறகும் ஐந்து நிமிடம். நாளுக்கு ஐந்து வேளை நினைவூட்ட நமக்குத்தான் பாங்கு இருக்கிறதே!

பதினைந்தாம் நாள் என் கை தோளுயரத்துக்கு வந்தது. ஊர் திரும்பி விடாமல் செய்ததில், எட்டாம் மாதம் அல்ஹம்துலில்லாஹ் காது வரை உயர்ந்தது. முதுகின் பின்னால் இன்னும் முழுமையாகப் போகவில்லை. சுவரிலுள்ள கோடுகளில் சில வாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவே கிடக்கின்றன. அப்படிப்பட்ட வாரங்களில் விட்டுவிடாமல் இருப்பதே பெரிய மருந்து.

ஓர் எச்சரிக்கை. விழுந்தவுடன் யாரிடமும் உருவக் கொடுக்காதீர்கள். முறிவோ விலகலோ இல்லையென்று படம் பிடித்து உறுதி செய்த பின்பே எண்ணெய். காய்ச்சல், வீக்கம், கை மரத்துப்போதல், பலமிழத்தல் இருந்தால் வைத்தியரிடம் போங்கள். நெஞ்சுநோவோடு தோளோ கையோ வலித்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. தோள் இறுகியவர்கள் இரத்தத்தில் சீனியின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனித உடலின் ஒவ்வொரு மூட்டுக்காகவும் நாளாந்தம் ஸதகா செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றும், ஒருவரை வாகனத்தில் ஏற்றிவிடுவதும் அவரது சுமையைத் தூக்கிக் கொடுப்பதும் ஸதகாவே என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் வரும் இச்செய்தியைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறேன். தாயைத் தூக்கிய தோளோடு பிறர் தோளைத் தூக்கிவிடும் ஒரு மனிதரை மன்னாரில் பார்த்த பிறகு, அந்த ஹதீஸுக்கு விரிவுரை தேவைப்படவில்லை.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. தூர் எடுப்பவர் கையிலும் இறைப்பவர் முயற்சியிலும் அவன் அதை வைத்திருக்கிறான். நோயுற்ற நம் அனைவருக்கும் அவன் பூரண சுகத்தைத் தருவானாக! ஊரிழந்து திரும்பிய மக்களின் கிணறுகளிலும் வீடுகளிலும் பரக்கத்தைச் சொரிவானாக! ஆமீன்.