தோல் பதனிடுகிற சீமோனின் வீடு

2009-இல் எங்கள் சபையில் என்னை வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர் ஆக்கினார்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. இன்ஜினியரிங் முடித்து, கையில் ஆஃபர் லெட்டர் இருந்தும் சேரும் தேதி தள்ளிக்கொண்டே போனதால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருந்த தகுதிகள் இவைதான்: லேப்டாப் இருந்தது, நாலு கார்டில் கிடார் வாசிப்பேன், வெளியூரிலிருந்து இங்கிலீஷ் பிரசங்கியார் வந்தால் பக்கத்தில் நின்று தடுமாறாமல் மொழிபெயர்ப்பேன். இவன் ஜெபிப்பானா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் இருக்கிற சபை. பெயர் வேண்டாம். வாலிபர் கூட்டத்துக்கு நாற்பது பேர் வருவார்கள். அதில் பாதிக்கு மேல் தோலில் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், "அவன் தோல்ல இருக்கான்" என்று. பெண்கள் ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர்கள், பையன்கள் டேனரி. மீதிப் பேர் காலேஜ். ஏழு பேர் கொண்ட எங்கள் கமிட்டியில் ஏழு பேருமே காலேஜ். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது பத்து வருஷம் கழித்து.

முதல் வேலையாக ஒரு தலைமைத்துவப் பயிற்சி முகாம் போட்டேன். (தலைமை என்றாலே போதும். அதன் பின்னால் ஒரு 'த்துவம்' எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அது இல்லாமல் எந்த நோட்டீஸும் அச்சாவதில்லை.) ஒரு அமெரிக்கப் போதகர் எழுதிய புத்தகத்திலிருந்து ஸ்லைடு தயாரித்தேன். தரிசனம், இலக்கு, நேர மேலாண்மை. காலையில் ஒரு மணி நேரம் தனித் தியானத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு ஸ்லைடு. ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்துச் சமைத்து வைத்துவிட்டு ஓடுகிற அக்காக்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கூட்டத்தில் ஒரு தம்பி இருந்தான். பத்தொன்பது வயது. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை முதலில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் போடுவார்கள். முடி கழன்று வரும், தோல் உப்பும். கொழுப்பையும் ஒட்டியிருக்கும் சதையையும் அதற்குப் பிறகுதான் சீவி எடுப்பார்கள். குரோமில் பதப்படுத்தி நீல நிறமாகி, சாயம் ஏறி, காய்ந்து, பாலிஷாகி வருகிற தோலைத்தான் உலகம் லெதர் என்கிறது. டேனரிக்குள் ஈரப் பக்கம், காய்ந்த பக்கம் என்று இரண்டு உலகம் உண்டு. ஈரப் பக்கத்தின் வாடை அழுகிய முட்டை மாதிரி. சோப்புக்குப் போகாது. நகக்கண்ணிலும் தலைமுடியிலும் தங்கிவிடும். அந்தப் பக்கத்துக்கு எந்தச் சேரியிலிருந்து ஆள் போனார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தாத்தாவும் அங்கே இருந்தவர்தான். அப்பா காய்ந்த பக்கத்துக்கு, தோல் அளக்கிற வேலைக்கு வந்தார். நான் கம்ப்யூட்டருக்கு வந்தேன். மூன்று தலைமுறையில் வாடை போயிற்று.

தம்பிக்குச் சனிக்கிழமை இரவு ஷிப்ட். ஞாயிறு காலை முடிந்ததும் நேராகச் சைக்கிளில் கோயிலுக்கு வருவான். பெஞ்சுகளை நேராக்குவான், மைக் ஒயரை இழுத்து வைப்பான், பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்காருவான். அவன் உட்கார்ந்தால் அந்த பெஞ்சில் இருப்பவர்கள் மெதுவாக முன்னால் நகர்வார்கள். யாரும் எதுவும் சொன்னதில்லை. சொன்னது நான்.

முகாமின் கடைசி நாள் ஒரு ஞாயிறு. சென்னையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வாசலில் அவனை நிறுத்தி, தோளில் கை போட்டு, ரொம்ப அன்பாகத்தான் சொன்னேன். "தம்பி, வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாடா. விசிட்டர்ஸ்லாம் வந்திருக்காங்க."

"சரிண்ணா" என்றான். சைக்கிளைத் திருப்பினான். வரவில்லை.

அடுத்த வாரமும் வரவில்லை. ஏழு வாரம். நான் தலைவன் செய்ய வேண்டியதாக நினைத்ததைச் செய்தேன். ஜெப நேரத்தில் அவன் பெயரைச் சொல்லி, பின்வாங்கிப்போன சகோதரனுக்காக ஜெபிப்போம் என்றேன். நாற்பது பேரும் கண்ணை மூடி ஆமென் சொன்னார்கள்.

ஞாயிறு பள்ளியில் குட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒரு அக்கா இருந்தார். ஷூ கம்பெனியில் தையல். எட்டாவது வரை படித்தவர். எந்தக் கமிட்டியிலும் இருந்ததில்லை. அன்று கூட்டம் முடிந்ததும் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார். "இன்னா தம்பி, அவன் பின்வாங்கிட்டான்னு யாரு சொன்னது? அவங்கம்மாவ வேலூர் பெரியாஸ்பத்திரில வச்சிருக்காங்க. ராத்திரி வேல, பகல்ல ஆஸ்பத்திரி. நான் வாரா வாரம் போய்ட்டு வரேன்."

ஏழு வாரமும் போயிருக்கிறார். கம்பெனி விட்டு, பஸ் பிடித்து, ஒரு தூக்குவாளி கஞ்சியோடு. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கலியே" என்றார்.

அந்த மாதமே எனக்குச் சேரும் தேதி வந்துவிட்டது. நன்றி சொல்லி ஜெபித்து, சால்வை போட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். தம்பியைப் பார்க்காமலே போனேன். நேரமில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

வேளச்சேரி ரூமில் ஒரு ராத்திரி அப்போஸ்தலர் நடபடிகள் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் நின்றுவிட்டேன். பேதுரு யோப்பா பட்டணத்தில் பல நாள் தங்குகிறான். யார் வீட்டில்? தோல் பதனிடுகிற சீமோன் என்பவன் வீட்டில். அடுத்த அதிகாரத்தில் அந்த வீடு கடலோரம் இருப்பதாக வருகிறது. செத்த மிருகத்தைத் தொடுகிற தொழில். யூதர்களிடையே தாழ்வாகப் பார்க்கப்பட்டது. வாடை காரணமாகப் பட்டறைகளை ஊருக்குள் விடமாட்டார்கள். அந்த வீட்டு மாடியில் ஜெபிக்கப் போன பேதுருவுக்குத்தான் வானத்திலிருந்து துப்பட்டி இறங்குகிறது, சுத்தம் எது அசுத்தம் எது என்ற அவனுடைய கணக்கெல்லாம் கலைகிறது. தரிசனத்தின்போது அவன் மூக்கில் என்ன வாடை அடித்திருக்கும் என்று எங்கள் ஊர்க்காரனுக்குத் தெரியும்.

துப்பட்டியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தோல் வேலையை நம்பி வாழும் எங்கள் சபையில், அந்த வீடு யாருடையது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அதை வாசித்து மொழிபெயர்த்தவன் நான்.

அதன் பிறகு கொஞ்ச காலம் பழைய ஆட்களைத் தேடித் தேடிப் படித்தேன். குற்றவுணர்ச்சிக்குப் படிப்பு ஒரு நல்ல போர்வை. வி.எஸ். அசரியாவைப் பற்றி ஞாயிறு பள்ளியிலேயே கேள்விப்பட்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர், இருபதுகளிலேயே ஒய்.எம்.சி.ஏ.வில் வாலிபர் ஊழியம் செய்தவர், 1912-இல் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனவர். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியதுதான் எனக்குப் புதிது. நீங்கள் எங்களுக்காகச் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், இனி நண்பர்களையும் கொடுங்கள் என்று மிஷனரிகளைப் பார்த்தே கேட்டிருக்கிறார். வருஷக்கணக்காக ஒரே ஊரில் வேலை செய்தும் இந்திய ஊழியரைத் தன் மேஜையில் சாப்பிட அழைக்காதவர்களைப் பற்றிய பேச்சு அது. அரங்கில் பலருக்குக் கோபம். வெள்ளைக்காரன் நம்மைத் தள்ளி உட்காரவைத்தான் என்று சொல்லும்போது நமக்கு ரத்தம் கொதிக்கிறது. நான் அந்தக் கடைசி பெஞ்சை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊருக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருந்தது, திருப்பத்தூரில் உள்ள கிறிஸ்துகுல ஆசிரமம். இப்போது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது, 2019-இல் பிரித்தார்கள். ஆனாலும் முப்பது வயது வரை நான் அங்கே போனதில்லை. 1921-இல் இரண்டு டாக்டர்கள் தொடங்கியது. ஒருவர் தமிழர், ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். பேட்டன் குடும்பம் கம்பளி நூல் ஆலை வைத்திருந்த பெரிய பணக்காரக் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை கதர் கட்டிக்கொண்டு திருப்பத்தூர் வெயிலில் கிராமத்து ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1932-இல் சென்னையில் அந்நியத் துணிக் கடை மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்றதற்குப் போலீஸிடம் அடியும் வாங்கினார். கோபுரம் வைத்து, நம் கோயில் கட்டடக்கலையில் அவர்கள் கட்டிய ஆலயம் இன்னும் நிற்கிறது.

இருவருக்கும் அங்கே பதவிப் பெயர் கிடையாது. ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றார்கள், பேட்டனைச் சின்னண்ணன் என்றார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரர் சின்னண்ணன்! இந்த வரிசையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் சபைகளில் எல்லாரும் பிரதர்தான், ஆனால் பிரதருக்கு வயசு கிடையாது, வீடு கிடையாது. போன் எடுக்காத பிரதரும் பிரதர்தான். அண்ணன் அப்படியில்லை. அண்ணனென்றால் தம்பி ஏழு வாரம் எங்கே போனான் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆசிரமத்தை நான் ரொம்பப் புனிதப்படுத்தவும் விரும்பவில்லை. இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். அந்தத் துறவை வீட்டுக்கு நாலு வயிறு இருக்கிற எங்கள் பையன்களிடம் கேட்க முடியாது. ஆனால் பெயரையாவது கடன் வாங்கியிருக்கலாம்.

வேலூர்ப் பக்கம் எந்த வாலிபர் முகாமுக்குப் போனாலும் ஐடா ஸ்கடர் கதை உண்டு. திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று பேர் வந்து கதவைத் தட்டியது, ஆண் டாக்டர் வேண்டாமென்று போனது, மூன்று பெண்களும் பிரசவத்தில் செத்தது. கதையை அழைப்பு வந்த இடத்தில் முடித்து, யார் யார் ஒப்புக்கொடுக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள் என்பார்கள். நானும் மூன்று முகாமில் தூக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த அம்மா டாக்டருக்குப் படித்து வந்து 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதும், குடியாத்தம் ரோட்டில் வாரா வாரம் வண்டியை நிறுத்தி மரத்தடியில் புண் கழுவிக் கட்டியதும் முகாமில் வராது. வாரா வாரம் என்பதில் கை தூக்க எதுவும் இல்லை.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கழிவுச் சேறு இறங்கியது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். நான் ஆபீஸில் போனில் செய்தியைப் பார்த்தேன். தம்பி எங்கே வேலை செய்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். "அவன் நல்லாக்கீறான், பழைய எடத்துலதான்" என்றார். பிறகு, "இப்பயாவது கேட்டியே."

மறுநாள் ஞாயிறு. ஊருக்குப் போய்க் கோயிலில் உட்கார்ந்தேன். பாஸ்டரேட் கமிட்டி தேர்தல் நெருங்கிய சமயம். இரண்டு அணியும் வாலிபர்களை வளைத்துக்கொண்டிருந்தன. ஒரு அணி கிரிக்கெட் கிட் வாங்கித் தந்திருந்தது. இருபது கிலோமீட்டருக்குள் செத்தவர்களுக்காக இல்லாவிட்டாலும் ஒரு மாவட்டத்துக்குள் செத்தவர்களுக்காகவாவது ஒரு வரி ஜெபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து சொல்லியிருக்கலாம். நானும் உட்கார்ந்தேதான் இருந்தேன்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா திண்ணையில் இருந்தார், பாதி உடம்பு வராது. என்னைத் தெரிந்துகொண்டு, "கிடார் வாசிக்கிற புள்ள" என்றார். அவன் மனைவி டீ கொடுத்தாள். மூணு வயசுப் பையன் என் பையை இழுத்துப் பார்த்தான். ஆறரை மணிக்கு அவன் சைக்கிள் வந்தது. கொஞ்சம் உடம்பு போட்டிருந்தான். அதே வாடை. படலைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும் அங்கேயே நின்றான்.

சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே கோர்த்து வைத்திருந்தேன். "தம்பி, அன்னிக்கு நான் உன்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"என்னிக்குண்ணா?" என்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. "அதெல்லாம் ஞாபகமே இல்ல. நீ உக்காரு."

நான் கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனேன். அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். சிரித்தான்.

"அஞ்சு நிமிஷம்ணா. குளிச்சிட்டு வந்துர்றேன்."

வீட்டுக்குப் பின்னால் போனான். பையன் அவன் பின்னாலேயே ஓடினான். நான் திண்ணையில் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். குடத்திலிருந்து சொம்பில் மொண்டு ஊற்றுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.