மூன்று அம்மாக்கள்

விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் பீமன், அர்ஜுனன் கதையைவிட தார், லோகி, ஸீயஸ் கதைகள்தான் அதிகம். பத்தாவது படிக்கும் என் பையன் சினிமா பார்த்தும், புத்தகம் படித்தும் வட ஐரோப்பிய, கிரேக்க தேவர்களை எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி பேசுகிறான். சப்பாத்திக் குழவிதான் அவனுக்குத் தாரின் சுத்தியல். அதை ஒளித்து வைக்கிற தங்கை, லோகியாம்!

"எந்த ஊர் சாமியா இருந்தாலும் சாமியை வெச்சு என்னடா கேலி?" என்பார் என் மாமியார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் திண்டிவனத்தில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவள். துரியோதன மகாராஜாவையே கட்டியக்காரன் முகத்துக்கு நேரே கிண்டல் செய்வான், ஊரே சிரிக்கும். அதே ஜனங்கள்தான் கடைசி நாளில் பக்தியோடு தீ மிதிப்பார்கள். மனசுக்கு நெருக்கமானவர்களிடம்தானே நாம் விளையாடுவோம்?

எங்கள் பக்கத்தில் செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் திரௌபதி அம்மன் பிறந்த இடமாகவே கொண்டாடுகிறார்கள். இந்த வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்ட்பீட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-ல் பெரிய புத்தகமே வெளியிட்டார். அவர் நம் திரௌபதியைத் தேடி வந்தார். நம் பிள்ளை தாரைத் தேடிப் போகிறான். அதிலென்ன தப்பு?

ஒருநாள், லோகி பெண்குதிரையாக மாறி எட்டுக்கால் குட்டி போட்ட கதையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன், நம்ம கிருஷ்ணன் மோகினியா மாறி அரவானைக் கட்டிக்கலையா? சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகத்துல அதுக்குத்தானே திருநங்கைங்க தாலி கட்டிக்கிறாங்க!" என்றார் மாமியார். அன்றிலிருந்து பேரனுக்கும் ஆயாவுக்கும் கதைப் போட்டி.

அந்தப் போட்டியில்தான் மூன்று அம்மாக்கள் வந்தார்கள். மகன் பால்டருக்குத் தீங்கு செய்வதில்லை என்று எல்லாப் பொருளிடமும் சத்தியம் வாங்கினாள் ஃப்ரிக். நம் புல்லுருவி மாதிரி மரத்தில் ஒட்டி வளரும் ஒரு சின்னச் செடியை மட்டும், 'இது என்ன செய்யும்' என்று விட்டுவிட்டாள், அதுவே எமனாயிற்று. தேட்டிஸ் தன் மகன் அக்கிலிஸைக் குதிகாலைப் பிடித்து ஸ்டிக்ஸ் நதியில் முக்கினாள், குதிகால் நனையவில்லை. நம் காந்தாரி கண்கட்டை அவிழ்த்து மகனைப் பார்த்தாள்; அவன் கூச்சப்பட்டு மறைத்த தொடை மட்டும் இரும்பாகவில்லை என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தில் பீமன் அடிப்பது அந்தத் தொடையில்தான்.

"ஏன் ஆயா எல்லா அம்மாவும் ஒரு இடத்தை விட்டுடறாங்க?" என்றான் பையன்.

"பிடிச்சாத்தானேடா முக்க முடியும்? பிடிச்ச இடம் எப்படி நனையும்?" என்றார் மாமியார்.

நான் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். வரும் ஜூனில் அவன் ப்ளஸ் ஒன் படிக்க ஹாஸ்டலுக்குப் போகிறான். தைலம், போர்வை, பருப்புப் பொடி என்று இப்போதே பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். எப்படிப் போட்டாலும் ஏதோ ஒன்று விட்டுத்தான் போகும். தேவலோகத்துத் தாய்மாருக்கே முழுசாகக் காக்க முடியவில்லையே! அதை நினைத்தால் பயத்தோடு கொஞ்சம் ஆறுதலும் வருகிறது.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகள் தார், ஸீயஸ் என்று ஆரம்பித்தால் அதட்டாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள், பதிலுக்கு நம் கதை ஒன்றைச் சொல்லுங்கள். பக்கத்து ஊரில் பாரதக் கூத்து நடந்தால் ஒரு ராத்திரி கண்விழித்துக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கதைகள் கூடவே போகும்.