ஒரு நிலையம் முன்னதாக

ஒருவரை அவசரப்பட்டுக் கஞ்சன் என்று எண்ணிவிட்டுப் பின்னர் வெட்கப்பட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு.

2019ஆம் ஆண்டில் லண்டன் ஈஸ்ட்ஹாமில் வாழும் என் தங்கை மகனைக் காணச் சென்றிருந்தேன். தான் பணிபுரியும் கடையைக் காட்ட என்னைச் சுரங்க ரயிலில் அழைத்துச் சென்றான். கடை இருப்பதோ ஆல்ட்கேட் ஈஸ்ட் நிலையத்தின் அருகில். அவனோ அதற்கு முந்திய ஒயிட்சாப்பலிலேயே இறங்கிவிட்டான். மழை தூறிக்கொண்டிருந்தது. "இதில் என்ன மிச்சம் பிடிக்கிறாய்?" என்று மனத்துக்குள் கடிந்துகொண்டே நடந்தேன்.

வழியில் ஈஸ்ட் லண்டன் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். தொழுது முடித்தபின் அவன் விளக்கினான்.

அந்நகரில் ரயில் கட்டணம் மைல் கணக்கில் அமைவதில்லை. நகரின் நடுப்பகுதி 1ஆம் மண்டலம். அதனைச் சூழ்ந்து, குளத்தில் கல்லெறிந்தால் விரியும் அலைவட்டங்களைப் போல 2, 3 என 9 வரை மண்டலங்கள். எந்தெந்த மண்டலங்களைத் தொடுகிறோமோ அவற்றுக்கே கட்டணம். நடுமண்டலத்தைத் தொட்டால் கட்டணம் உயர்ந்துவிடும். 1981இல் நடுநகரில் தொடங்கிய இம்முறை, 1983இல் வெளிப்பகுதிகளுக்கும் விரிந்தது. நுழையும்போதும் வெளியேறும்போதும் அட்டையை இயந்திரத்தில் வைத்தல் வேண்டும். மறந்தால் உச்சக் கட்டணம் பிடித்துக்கொள்வர். பேருந்துக்கு மண்டலம் கிடையாது; எங்கு இறங்கினாலும் ஒரே கட்டணம். ஆனால் நேரம் மிகுதியாகும்.

ஈஸ்ட்ஹாம் 3, 4 ஆகிய இரு மண்டலங்களின் எல்லையில் நிற்பது. அத்தகைய நிலையத்தைப் பயணிக்கு எது மலிவோ அம்மண்டலத்தில் சேர்த்துக் கணக்கிடுவர். ஒயிட்சாப்பல் 2ஆம் மண்டலம். அடுத்த நிலையமான ஆல்ட்கேட் ஈஸ்ட்டோ 1ஆம் மண்டலம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைக் காலால் கடந்தால் காசில்லை. ரயிலில் கடந்தால் காசு!

"போக வர, நாள்தோறும் மிச்சமாகிறது மாமா. மாதக் கடைசியில் உம்மாவின் மருந்துக்கு அனுப்பும் பணத்தில் அதுவும் சேர்கிறது" என்றான்.

என் தங்கை ஊரில் உண்ணும் மருந்துக்குப் பின்னே, மழையிலும் குளிரிலும் நடந்த கால்கள் இருந்தன. நான் வாயடைத்துப் போனேன்.

வெளியூரில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்களே! அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ணும்போது, அவர்கள் ஒரு நிலையம் முன்னதாக இறங்கி நடந்த தூரத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.