ஹை ஃப்ளோ ஆசை

குர்கானுக்கு வந்து ஒன்பது வருஷமாச்சு. செகண்ட் ஹேண்டில் வாங்கின 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்தான் இங்கே நமக்கு இருக்கிற ஒரே ஆடம்பரம். 230 குதிரைத்திறன் போதாதான்னு கேட்காதீங்க. போதாது! :-)

"ஹை ஃப்ளோ கன்வெர்ட்டர் மாட்டி, ஈசியூவை ரீமேப் பண்ணுங்க சார், வண்டி பறக்கும்"னு மெக்கானிக் இந்தியில் ஆசை காட்டினார்.

விஷயம் இதுதான். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள், கம்பெனி வண்டியில் சதுர அங்குலத்துக்கு 400, 600ன்னு இருக்கும். சுவரில் பூசின பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்தான் விஷவாயுக்களை மாத்துது. ஹை ஃப்ளோவில் பெரும்பாலும் 200 அறைதான். புகை தடையில்லாமப் போகும், டர்போ சீக்கிரம் சுத்தும். ஆனா சுத்திகரிக்கிற பரப்பு குறைஞ்சிடும்.

"பியூசி சர்டிஃபிகேட் கிடைச்சிடும் சார்"னார். கிடைக்கலாம். பெட்ரோல் வண்டிக்கு அந்தச் சோதனை கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கும். நைட்ரஜன் ஆக்சைடை அளக்கிறதே இல்லை. சட்டமும் இருக்குங்க. 2019 திருத்தப்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும்கூட வரலாம்.

அபராதத்தை விடுங்க. நவம்பர் வந்தா எங்க வீட்டில் ராத்திரியெல்லாம் நெபுலைசர் சத்தம். பொண்ணுக்கு ஏழு வயசு. பார்க்கிங்குக்கு நேர் மேலே முதல் மாடியில்தான் அவ ரூம். தில்லிக் காத்தை நான் ஒருத்தன் மாத்த முடியாது. அந்த ஜன்னலுக்குக் கீழே எதை விடுறேங்கிறது என் கையில்தான் இருக்கு.

அந்தக் காசுக்கு நல்ல டயரா நாலு போட்டாச்சு. வளைவுல வண்டி சும்மா கும்முன்னு பிடிக்குது!