சிக்னல் இல்லாத இரண்டு நாள்

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் பயணிகள் கவுன்ட்டர். பழக்கதோஷத்தில் அப்பா பாஸ்போர்ட்டை நீட்டினார். "உள்நாட்டுப் பயணம்தானே சார், ஆதார் போதும்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது அதற்குள்ளிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்று கீழே விழுந்தது. மகன் குனிந்து எடுத்தான். ஒரு கணம் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் அப்பாவிடம் கொடுத்துவிட்டான்.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம் அவர்களுக்கு. அப்பா ஷார்ஜாவில் 11 வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். அவர் விமானம் ஏறியபோது மகனுக்கு நாலு வயது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மாத லீவு. மற்றபடி அப்பா என்றால் வெள்ளிக்கிழமை வருகிற போன்தான். "இனிமே போகமாட்டேன்" என்று அவர் ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. மகன் இப்போது பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்துவிட்டான்.

"பிள்ளையோட ரெண்டு நாள் தனியா இருந்துட்டு வாங்க" என்று அனுப்பியது அம்மாதான். பஸ்ஸில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். அதனால் இருவருக்கு மட்டும், இருப்பதிலேயே குறைந்த கட்டணத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. ஆழ்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணம்.

கிளம்பும் முன் ஒத்திகை நடந்தது. ஏழு முறை குட்டையாகவும் ஒரு முறை நீளமாகவும் சங்கு ஊதினால் ஆபத்து என்று பொருள். எல்லோரும் அவரவருக்குச் சொன்ன இடத்தில் கூட வேண்டும். "டைட்டானிக் 1912-ல மூழ்கிச்சுல்லப்பா, அதுக்கப்புறம் 1914-ல போட்ட ஒப்பந்தத்துலதான் இந்த மாதிரி விதியெல்லாம் ஆரம்பிச்சுது" என்றான் மகன். அவனுடைய உயிர்காப்பு அங்கியின் வாரை இழுத்துக் கட்டும்போதுதான் அப்பா கவனித்தார், மகன் தன்னைவிட அரை சாண் உயரம்.

சாயங்காலம் கப்பல் நகர்ந்தது. மெரினாவில் நின்றால் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். கப்பலிலிருந்து பார்த்தால் அதே சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குகிறது. கலங்கரை விளக்கமும் கட்டடங்களும் சின்னதாகிக்கொண்டே போயின. கொஞ்ச நேரத்தில் இருவர் போனிலும் சிக்னல் போனது. கப்பலில் வைஃபை வேண்டுமென்றால் தனிக் காசு. "வேணாம்ப்பா" என்றான் மகன்.

அப்போதுதான் சங்கடம் தொடங்கியது. போனில் "சாப்பிட்டியா, படிக்கிறியா, அம்மாகிட்ட குடு" என்று ஐந்து நிமிடத்தை ஓட்டிவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பையனிடம் அதையே எத்தனை தடவை கேட்பது? இரவுச் சாப்பாட்டில் அப்பா அவன் தட்டில் நாலு குலாப் ஜாமூனை வைத்தார். "எனக்கு இப்பல்லாம் ஸ்வீட் பிடிக்கறதில்லப்பா" என்று மெதுவாகச் சொன்னவன், ஒன்றை மட்டும் சாப்பிட்டான்.

மறுநாள் காலை மேல்தளத்து நீச்சல் குளம். அப்பாவுக்கு ஒரு பழைய வாக்கு ஞாபகம் வந்தது.

"வா தம்பி, நீச்சல் கத்துத் தரேன். சின்னதுல கேட்டுக்கிட்டே இருப்பியே."

மகன் ஒரு நொடி தயங்கினான். பிறகு தண்ணீரில் குதித்து, மூச்சு விடாமல் எதிர்ப்பக்கம் போய் எழுந்தான்.

"யாருடா சொல்லிக் குடுத்தா?"

"மாமா. நாலாவது படிக்கறப்ப, நம்ம வாய்க்கால்ல. உங்ககிட்ட போன்ல சொன்னேனேப்பா."

"சொன்னியா?"

"சொன்னேன். நீங்க ஹலோ ஹலோன்னீங்க. கட் ஆயிடுச்சு."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இன்னும் தண்ணீரில் இறங்கியிருக்கவில்லை அவர்.

அன்று இரவு. விளக்கை அணைத்தால் அந்த அறையில் கை தெரியாத இருட்டு. இன்ஜினின் அதிர்வு மட்டும் கட்டிலில் லேசாகக் கேட்டது. முகம் தெரியாததாலோ என்னவோ, மகனே ஆரம்பித்தான்.

"அது விசாதானேப்பா?"

அப்பாவுக்குப் பதில் வர நேரம் ஆனது. பழைய கம்பெனியே கூப்பிட்டிருந்தது. ஊரில் கடை போட்டுப் பார்த்ததில் கைக்காசுதான் கரைந்தது. அவனுடைய மேல்படிப்பு வேறு இருக்கிறது. இந்தப் பயணத்தில் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

"போகாதீங்கன்னு சொல்லலப்பா" என்றான் மகன். "போன தடவ எனக்கு நாலு வயசு, என்கிட்ட கேட்டிருக்க முடியாது. இப்ப கேட்கலாம்ல?"

மூன்றாம் நாள் காலை கரை நெருங்கியதும் இரண்டு போன்களும் உயிர் பெற்று மாறி மாறி ஒலித்தன. அப்பாவுடையதில் கம்பெனியிலிருந்து இரண்டு தவறிய அழைப்புகள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாஸ்போர்ட்டுக்குள்ளிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்து மகன் கையில் கொடுத்தார்.

"சம்பளம், லீவு எல்லாம் போட்டிருக்கான். படிச்சுப் பாரு. மயிலாடுதுறை போய்ச் சேர அஞ்சாறு மணி நேரம் ஆகும். ரயில்ல உட்கார்ந்து பேசுவோம்."